விசாரணையின்றிக் கொல்லப்பட்ட குடிமகன்: அரசின் சட்ட வாதத்தைப் படிப்பது எப்படி?

வெளிநாட்டில் தன் குடிமகனையே கொன்றுவிட்டு, 'சட்டப்படிதான் செய்தோம்' என்று ஓர் அரசு சொன்னால் அதை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? பழகிப்பார்க்க அமெரிக்க ஆவணங்கள் ஏற்றவை. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் பிறந்த குடிமகனான அன்வர் அல் அவ்லாக்கி என்ற மதபோதகர் 2011 செப்டம்பர் 30 அன்று யேமனில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துவையுங்கள். பிற நாட்டு மண்ணில் தாக்கலாமா என்பது சர்வதேசச் சட்டம்: அந்நாட்டின் சம்மதம், தற்காப்பு உரிமை தரும் ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு. குடிமகனின் உயிரை விசாரணையின்றிப் பறிக்கலாமா என்பது உள்நாட்டுச் சட்டம். அமெரிக்காவில், முறையான சட்ட நடைமுறையின்றி உயிரைப் பறிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். முன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நழுவும் அறிக்கைகள் உண்டு.

அடுத்து, இப்படிக் கொல்ல அரசு வைக்கும் நிபந்தனைகள். 2013இல் கசிந்த அமெரிக்க நீதித் துறை அறிக்கை கேட்பவை: ஆள் அல்காய்தாவின் அல்லது அதன் கூட்டு அமைப்பின் மூத்த செயல்தலைவராக இருக்க வேண்டும், உடனடி அச்சுறுத்தல் வேண்டும், பிடிக்க முடியாத நிலை வேண்டும், போர்ச் சட்டத்தை மீறக் கூடாது. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதே ஆவணம் தரும் வரையறையைத் தேடிப் படியுங்கள். எழுதியவர்களின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது. அச்சுறுத்தல் 'உடனடி' எனக் கொள்ள, குறிப்பிட்ட தாக்குதல் விரைவில் நடக்கும் என்பதற்குத் தெளிவான சான்று தேவையில்லையாம். தம் படையினருக்கு மிகுந்த ஆபத்து என்றாலே 'பிடிக்க முடியாது' ஆகிவிடும். இதையெல்லாம் தீர்மானிப்பவர் யார் என்று பாருங்கள்: விவரமறிந்த உயரதிகாரி ஒருவர். நீதிபதி அல்ல.

குறிவைக்கப்பட்டவரையும் இறந்தவர்களையும் தனித்தனியே எண்ணுங்கள். 2009 முதல் அமெரிக்கக் குடிமக்கள் நால்வர் இறந்ததாக 2013 மே மாதம் அரசு ஒப்புக்கொண்டது. குறிவைத்தது அவ்லாக்கியை மட்டுமே. மற்றவர்களில் ஒருவர் அவருடைய 16 வயது மகன். மேலே சொன்ன நிபந்தனைகள் அந்தச் சிறுவனுக்குப் பொருத்திப் பார்க்கப்படவே இல்லை.

'நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது' என்ற வாதம் வந்தால் காரணத்தைக் கேளுங்கள். அவ்லாக்கி உயிரோடிருந்தபோது அவருடைய தந்தை தொடுத்த வழக்கு 2010இல் தள்ளுபடியானது, தந்தைக்கு வழக்காடும் தகுதியில்லை, இது நீதிமன்றம் தீர்க்க முடியாத அரசியல் கேள்வி என்பதால். அவ்லாக்கி இறந்த பின் தொடுத்த வழக்கு 2014இல் தள்ளுபடியானது, அதிகாரிகளிடம் இழப்பீடு கோர வழியில்லை என்பதால். கொலை சட்டப்படியானது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

கடைசியாக, ஒரே அரசு வெவ்வேறு இடங்களில் சொன்னதை ஒப்பிடுங்கள். 2015 ஆகஸ்டில் சிரியாவின் ரக்காவில் தன் குடிமகன் ரியாத் கானைக் கொன்ற பிரிட்டன், நாடாளுமன்றத்தில் பிரிட்டனின் தற்காப்பு என்றது, ஐ.நா.வுக்கு எழுதிய கடிதத்தில் ஈராக்கின் கூட்டுத் தற்காப்பையும் சேர்த்துக்கொண்டது.