டாஷ்போட்டில் போட்ட பைபர் ஏன் கழன்று வருகிறது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து வன்னியில் பழைய வான்களுக்கு மதிப்புக் கூடிவிட்டது. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும் விலை எட்டவில்லை. அதனால் இருக்கிற வானையே புதுப்பிக்கிறார்கள். முதலில் கேட்பது பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்ட் பிளேயர். பழைய டாஷ்போட்டில் அதற்கு இடம் இல்லை. வெட்டி, பைபர் (ரெசின் என்ற இறுகும் பசையில் நனைத்த கண்ணாடி நார்) போட்டு, மேலே பட்டி பூசித்தான் திரைக்குப் புது வாய் கட்ட வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு ஒட்டிப் பழகிய கைகள் நிறைய உண்டு. ஆனால் படகில் பைபரின் மேல்தான் பைபர் ஏறுகிறது. டாஷ்போட்டில் அடியில் இருப்பது பிளாஸ்ரிக். அந்தப் பிளாஸ்ரிக் எது என்று பார்க்காமல் ரெசின் கலக்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

புதுக்குடியிருப்பில் இருந்து வந்த ஒரு வானில் நான் இதைக் கண்டேன். பெயின்ற் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஓரத்தில் முடி போல ஒரு வெடிப்பு. நகத்தைக் கொடுத்ததும் கல்லில் இருந்து எழும் தோசை மாதிரி முழுத் தகடும் எழுந்து வந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் டாஷ்போட்டின் தோல் வரிகள் அப்படியே அச்சாகி இருந்தன. பிளாஸ்ரிக்கின் ஒரு துகள்கூட அதில் இல்லை. ரெசின் காய்ந்திருக்கிறது, எங்கேயும் பிடிக்கவில்லை.

டாஷ்போட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், எந்தப் பிளாஸ்ரிக் என்று எழுத்துப் பொறித்திருக்கும். ஏ.பி.எஸ் என்றால் நல்லது. 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் ஆழமாகக் கீறினால் பொலியெஸ்டர் ரெசினும் பிடிக்கும், எப்பொக்ஸி ரெசின் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பி.பி என்றால் பொலிபுரோப்பிலீன், அதில் வெறும் ரெசின் நிற்காது. எழுத்து இல்லாவிட்டால் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மிதந்தால் பி.பி என்பது கணக்கு. அதை மட்டும் நம்ப வேண்டாம். டி20 என்று போட்ட பி.பியில் 20 வீதம் டால்க் கலந்திருக்கும், அது தாழவும் கூடும்.

பி.பிக்கு, ஒட்டுத்தன்மை கொடுக்கும் பிளாஸ்ரிக் பிரைமர் வேண்டும். அல்லது நீலச் சுவாலையை உருகாதபடி வேகமாக ஓட்டி, ஆறியதும் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் முத்தாக உருளாமல் படலமாகப் பரவினால் மேற்பரப்பு தயார், அன்றைக்கே எப்பொக்ஸி போட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் ஓரம் நெடுக 4 மில்லிமீற்றர் துளைகள் போட்டு, ரெசினை மறுபக்கம் வழிய விட்டு ஆணி போல இறுக விடுங்கள். பசை விட்டாலும் அந்த ஆணிகள் விடாது. வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் டாஷ்போட் 70 பாகையைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. பி.பி நீளுகிற அளவுக்குப் பைபர் நீளாது. அந்த இழுவைதான் ஓரத்தைக் கிளப்புகிறது.

அடுத்தது துடைப்பு. மினுக்கத்துக்குப் பூசும் டாஷ்போட் பொலிஷில் சிலிக்கோன் இருக்கும். கழுவாமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். முதலில் சவர்க்காரம், பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோல், அதற்குப் பிறகுதான் பேப்பர். மண்ணெண்ணெயால் துடைக்கவே கூடாது, அது எண்ணெய்ப் படலம் விடும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள். 100 கிராம் பொலியெஸ்டருக்கு 1 முதல் 2 கிராம் போதும். வைகாசி வெயிலில் 1 கிராமே வேகமாக இறுக்கும். கூட ஊற்றினால் டப்பாவுக்குள்ளேயே கொதித்துப் புகைந்து, வெடிப்பு விட்டு இறுகிவிடும். மழைக்காலத்து ஈரத்தில் மேல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், அன்றைக்கு வேலையைத் தள்ளிவையுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் நேரே ஒன்றாகக் கலக்கக் கூடாது, தீப்பற்றும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் தம்பிமாரைக் கலக்க விடாதீர்கள்.

ரிஜிபோமில் (வெள்ளை நுரைப் பலகை) வடிவம் வெட்டி அதன்மேல் பொலியெஸ்டர் ஊற்றினால் ரிஜிபோம் கரைந்துவிடும். டேப் சுற்றி மூடுங்கள். பட்டியை வெறும் பிளாஸ்ரிக்கில் பூச வேண்டாம். பைபரின் மேல், மெல்லிசாக, பல தடவையாக. சரி, முன்சீற்றுப் பக்கம் எயார்பேக் இருந்தால்? அந்த மூடியில் கையே வைக்காதீர்கள். அது கிழிந்து திறக்கத்தான் செய்யப்பட்டது. மேலே பைபர் ஏறினால் பை நேரத்துக்கு விரியாது, உடைந்த துண்டு இருக்கிறவரின் முகத்துக்கே வரும்.

வாய் வெட்டும்போது விழும் துண்டை எறியாமல் வையுங்கள், அதுவும் அதே பிளாஸ்ரிக்தான். போடப்போகிற மாதிரியே அதில் ஒரு உள்ளங்கை அளவு பைபர் போட்டு, இரண்டு நாள் வெயிலில் வைத்து, உளியால் கிளப்பிப் பாருங்கள். நார் கிழிந்து பிளாஸ்ரிக்கில் ஒட்டிக் கிடந்தால் வானில் கை வைக்கலாம். தோசை போல எழுந்தால் பிரைமரில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.