நெரிசலில் விசைப்படகைக் கரையோடு சேர்ப்பது எப்படி?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டப் பழகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது இங்குள்ள விதி. அதனால் மொத்தப் படகும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஜெட்டியில், அதாவது படகு கட்டும் மேடையில், உங்களுக்குக் கிடைப்பது படகு நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான இடம், அவ்வளவுதான். அதில் இடிக்காமல் நுழைய வேண்டுமென்றால், ரிவர்ஸ் போட்டால் உங்கள் படகு எந்தப் பக்கம் இழுக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும்.

நம் படகில் ஒரே இன்ஜின், ஒரே புரொப்பெல்லர். ரிவர்ஸில் அது நேராகப் பின்னால் வராது. முன்னே ஓடும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரமுள் போலச் சுற்றும் புரொப்பெல்லராக இருந்தால், ரிவர்ஸில் பின்பக்கம் இடதுபுறம் ஒதுங்கும். மாறிச் சுற்றினால் வலதுபுறம். ஜெட்டியில் கட்டியிருக்கும்போதே இதைப் பார்த்துவிடலாம். கயிறுகளை இறுகக் கட்டி மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். எந்தப் பக்கம் நுரை அதிகமாகக் கிளம்புகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் படகு இழுக்கும்.

இடதுபுறம் இழுக்கும் படகென்றால், முடிந்தவரை இடதுபக்கத்தையே ஜெட்டிக்குக் கொடுங்கள். கொஞ்சம் சாய்வாக, அணியத்தை (படகின் முன்முனையை) இடத்தின் முன்பாதிக்கு நேராக வைத்து வாருங்கள். வரும் வேகம் நடைவேகத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். அடிக்கடி நியூட்ரலுக்கு வாருங்கள். அணியம் ஜெட்டியை நெருங்கும்போது சுக்கானை வலதுபக்கம் முழுக்கத் திருப்பி, ஒரே ஒரு தரம் முன்கியர் தட்டுங்கள். பின்பக்கம் ஜெட்டியை நோக்கித் திரும்பும். அப்புறம் ரிவர்ஸ். படகும் நிற்கும், பின்பக்கமும் தானாக ஜெட்டியோடு சேரும். முன்கியரிலிருந்து நேராக ரிவர்ஸுக்குத் தள்ளாதீர்கள்; நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜின் வேகம் இறங்கியபின் மாற்றுங்கள்.

புதிதாக வருபவர்கள் படகைக் கார் போல நினைப்பதுதான் பெரிய சிக்கல். கார் முன்பக்கத்தால் திரும்பும். படகைத் திருப்பினால் பின்பக்கம்தான் வெளியே வீசும். பக்கத்துப் படகில் இடிப்பது பெரும்பாலும் அந்தப் பின்பக்கம்தான். அதனால் திருப்பும்போது ஒரு கண் பின்னால் இருக்கட்டும். சுக்கானுக்கு வலு வருவதும் அதன்மேல் தண்ணீர் பாயும்போதுதான். நியூட்ரலில் எவ்வளவு திருப்பினாலும் பெரிதாகப் பலன் இருக்காது.

நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமா? இடதுபுறம் இழுக்கும் இதே படகை வலதுபக்கமாகத் திருப்புங்கள். சுக்கானை வலதுபுறம் முழுக்க வைத்து அப்படியே விட்டுவிட்டு, முன்கியர் ஒரு தட்டு, ரிவர்ஸ் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், தன் நீளத்தைவிடக் கொஞ்சமே கூடுதலான இடத்தில் சுற்றிவிடும். இடதுபக்கமாகத் திருப்பினால் ஒவ்வொரு ரிவர்ஸும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் மேற்குப் பக்கமிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும். காற்று ஜெட்டியிலிருந்து உங்களை வெளியே தள்ளினால் சாய்வைக் கூட்டி வாருங்கள். அணியக் கயிற்றை முதலில் கரையில் கொடுங்கள். தாமதித்தால் அணியம் விலகிப் போகும். காற்று உங்களை ஜெட்டிமேல் தள்ளுகிறதென்றால், சற்றுத் தள்ளி இணையாக நிறுத்துங்கள். மீதியைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இடி தாங்கப் படகின் பக்கத்தில் கட்டும் டயர்கள் மட்டும் சரியான உயரத்தில் தொங்க வேண்டும்.

கயிறு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. நுழைவதற்கு முன்பே கயிறுகள் சிக்கலில்லாமல் கையில் தயாராக இருக்க வேண்டும். ஒரு முனைகூடத் தண்ணீரில் தொங்கக் கூடாது. புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும், படகு யார்மேல் போய் மோதும் என்று சொல்ல முடியாது. இரண்டு படகுக்கு நடுவே கையோ காலோ வைத்துத் தள்ள யாரையும் விடாதீர்கள். படகு நசுங்கினால் சரிசெய்யலாம், பையனின் கால் போனால் வராது.

காலையில் வெளியே எடுக்கும்போது, அணியத்திலிருந்து பின்னோக்கிப் போகும் ஒரு கயிற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அவிழ்த்துவிடுங்கள். அணியத்தில் ஒரு டயர் கூடுதலாகப் போட்டு, சுக்கானை ஜெட்டிப் பக்கம் திருப்பி, முன்கியரில் மெதுவாக அழுத்துங்கள். கயிறு பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வெளியே விலகும். போதுமான அளவு விலகியதும் நியூட்ரல் போட்டு, சுக்கானை நேராக்கி, கயிற்றைப் படகுக்குள் இழுத்துவிட்டு ரிவர்ஸில் வெளியே வாருங்கள்.