இணைப்பு வலுவாக இருந்தும் தகடு கிழிவது ஏன்? உராய்வுக் கிளறல் பற்றவைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உராய்வுக் கிளறல் முறையில் இணைத்த அலுமினியக் கலவைத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி வடிவமாக்கும்போது நேரும் தோல்விகள் பலவற்றுக்கு ஒரே வேர்தான் இருக்கிறது: இழுவிசைச் சோதனையில் இணைப்பு காட்டிய வலிமையை, அந்தத் தகடு எவ்வளவு விரிந்து கொடுக்கும் என்பதற்கும் சான்றாக எடுத்துக்கொள்வது. 1991இல் இங்கிலாந்தில் உருவான இம்முறையில், சுழலும் கருவி ஒன்று உராய்வு வெப்பத்தால் மென்மையாகும் உலோகத்தைக் கிளறி இணைக்கிறது; உலோகம் உருகுவதில்லை என்பது உண்மையே. ஆனால் உருகாததாலேயே அது மாறாமல் இருந்துவிடும் என்று கொள்ளக் கூடாது.

வெப்பப்பதனத்தால் வலுவூட்டிய 6061-டி6 போன்ற அலுமினியக் கலவைகளுக்கு வலிமை தருபவை நுண்ணிய வீழ்படிவுகள் (உலோகத்துக்குள் பிரிந்து நிற்கும் துகள்கள்). பற்றவைப்பின் வெப்பத்தில் அவை சில இடங்களில் கரைந்தும், சில இடங்களில் பருத்தும் போவதால், இணைப்பை ஒட்டி ஒரு மென்மையான பட்டை உருவாகிறது. இணைப்புக்குக் குறுக்காக இழுத்தால் திரிபின் (நீளும் அளவின்) பெரும்பகுதி அந்தப் பட்டையில்தான் குவியும். இந்நிலையில் நீட்சி விழுக்காட்டை, அளவு நீளத்தை (நீட்சியை அளக்க எடுத்துக்கொண்ட நீளத்தை) குறிப்பிடாமல் எழுதுவது பெரிய பிழை. 10 மி.மீ. அகலப் பட்டை மட்டும் 20% நீண்டு, மற்ற பகுதி அசையாமல் இருந்தால், 50 மி.மீ. அளவு நீளத்தில் நீட்சி 4% ஆகவும், 25 மி.மீ. நீளத்தில் 8% ஆகவும் தெரியும். இவ்விரண்டு எண்களுமே அந்தப் பட்டையில் உண்மையில் நிகழ்ந்ததைச் சொல்வதில்லை. மேற்பரப்பில் புள்ளிகளைப் பதித்து, திரிபை இடம்வாரியாக அளப்பதே நம்பத்தக்க வழி.

இதையே எல்லாக் கலவைகளுக்கும் பொருத்துவது அடுத்த தவறு. மென்பதனிட்ட (சூடாக்கி மென்மையாக்கிய) 5000 வரிசை அலுமினியத் தகடுகளில் வெப்பத்தால் இழக்க வேண்டிய வலிமை பெரிதாக இல்லை; கிளறல் மண்டலத்தின் (கருவி கிளறிய பகுதியின்) படிகங்கள் நுண்மையாகிவிடுவதால், குறைபாடற்ற இணைப்பில் முறிவு பெரும்பாலும் மூலத் தகட்டிலேயே நிகழ்கிறது.

சோதனையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. தகட்டைப் பஞ்சால் குமிழாக அழுத்தி, விரிசல் வரும் ஆழத்தை அளக்கும் எரிக்சன் சோதனையின் பஞ்ச் முனை 20 மி.மீ. விட்டமே கொண்டது. இணைப்பின் அகலம் 10 மி.மீ.க்கு மேல் இருக்கும்போது, அந்தச் சிறு குமிழின் உச்சியை இணைப்பே நிரப்பிவிடும். அங்கு கிடைப்பது இணைப்புப் பகுதியின் இயல்பு. இணைத்த தகடு முழுவதற்குமான இயல்பு அன்று. அதற்கு 100 மி.மீ. அரைக்கோளப் பஞ்ச் கொண்ட நாகஜிமா சோதனை பொருத்தமானது. அதிலும் இணைப்பை ஒரே திசையில் வைத்துச் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது, ஏனெனில் பெரிய திரிபின் திசையிலேயே இணைப்பு அமைந்தால் இணைப்பும் மூலத் தகடும் சேர்ந்து நீள வேண்டியிருக்கும். குறுக்காக அமைந்தால் திரிபு வலிமை குறைந்த பகுதியிலேயே குவியும். வெவ்வேறு தடிமன்களை இணைத்த தகடுகளில் மெல்லிய பக்கம் அதிகம் நீள்வதால் இணைப்புக் கோடு தடித்த பக்கம் நோக்கி நகரும். டை (அச்சு) வடிவமைக்கும்போது இதற்கு இடம் விடாதவர்கள் பலர்.

மேற்பரப்பை அழகுக்கான விஷயமாக ஒதுக்குவதும் தவறு. கருவியின் தோள்பகுதி (தகட்டின் மேல் அழுந்தும் அகன்ற பகுதி) 0.1 மி.மீ. கூடுதலாக அழுந்தினால், 1 மி.மீ. தகட்டின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அதைவிடத் தந்திரமானது வேர்ப்பக்கத்தில் (இணைப்பின் அடிப்பக்கத்தில்) ஒட்டியது போலத் தோன்றியும் பிணையாமல் நிற்கும் இணைவு. ஊடுகதிர்ப் படத்தில் அது எளிதில் சிக்காது. வேர்ப்பக்கம் இழுபடுமாறு வளைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாய் பிளந்துவிடும்.

மென்மையடைந்த பட்டையைச் சரிசெய்ய, பற்றவைத்த பின் கரைசல் பதனம் (உயர் வெப்பத்தில் வைத்து விரைந்து குளிர்விப்பது) செய்யும் வழக்கம் உண்டு. வலிமை மீளலாம், ஆனால் கிளறல் மண்டலத்தின் நுண்படிகங்கள் அந்த வெப்பநிலையில் கட்டுக்கடங்காமல் பெருத்து, வளைக்கும்போது விரிசலுக்கு வழிவிடக்கூடும். 6000, 7000 வரிசைக் கலவைகள் அறை வெப்பநிலையிலேயே முதிர்ந்து கடினமாகும் என்பதால், பற்றவைத்த நாளுக்கும் அழுத்திய நாளுக்கும் இடையிலான காலத்தைப் பதிவு செய்யாத முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.