குழந்தை வருவதற்குள் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

திருப்பூரில் வாடகை வீட்டில் வசிக்கும் ஓர் இளம் தம்பதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கணவர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மாதம் 36,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார். மனைவி வேறொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19,000 ரூபாய் வாங்குகிறார். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் 1,20,000 ரூபாய். தனிநபர் கடனில் மாதம் 5,200 ரூபாய் வீதம் இன்னும் 24 தவணைகள் பாக்கி. ஓரிரு ஆண்டுகளுக்குள் குழந்தை வேண்டும் என்று இருவரும் விரும்புகிறார்கள். இவர்கள் கடைசி ரூபாய்க் கடன் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே சமயம், கையில் இருப்பதையெல்லாம் கடனுக்குக் கட்டிவிட்டுப் பிரசவ நேரத்தில் கைமாற்றுக்கு அலையும் நிலைக்கும் வந்துவிடக் கூடாது. எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தக் கட்டத்தில் அடைப்பதை நிறுத்திவைப்பது என்ற வரிசையைச் சரியாக வகுத்துக்கொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுத வேண்டும். வங்கிக் கடன்கள் மட்டும் போதாது. மளிகைக் கடை பாக்கி, அக்காவிடம் வாங்கிய கைமாற்று, சுயஉதவிக் குழுவுக்குக் கட்ட வேண்டியது, எடுத்து முடித்த சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் ஆகியவையும் அதில் வர வேண்டும். ஒவ்வொன்றின் வட்டியையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதினால்தான் ஒப்பிட முடியும். ஊரில் ‘இரண்டு வட்டி’ என்று சொல்வது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டின் மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். வங்கி நகைக்கடன் ஒன்பது சதவீத அளவில் இருக்கும். நாள் வட்டி, மீட்டர் வட்டி என்று வாங்கியது ஏதேனும் இருந்தால் அது தாளின் முதல் வரியில் நிற்க வேண்டும். அத்தகைய கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதையும், மிரட்டல் வந்தால் காவல்துறையில் புகார் கொடுக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டுக் கடனின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்க்கு மாத வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று வங்கி கேட்கும் ஐந்து சதவீதத்தை, அதாவது 3,000 ரூபாயைக் கட்டினால், கடனில் குறைவது ஏறத்தாழ 520 ரூபாய் மட்டுமே. அதோடு, நிலுவையை முழுவதும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கு வட்டியில்லாக் காலமும் கிடைக்காது. பால் வாங்கத் தேய்த்தாலும் அன்று முதலே வட்டி ஏறும். ஆகவே இந்தக் கடனைத் தீர்க்கும்வரை கார்டைப் பீரோவில் பூட்டி வைப்பது முதல் வேலை.

அடகு வைக்காத நகை வீட்டில் இருந்தால், அதை வங்கியில் வைத்துக் கார்டுக் கடனை ஒரே நாளில் முடித்துவிடலாம். வரியோடு மாதம் 2,478 ரூபாய் போய்க்கொண்டிருந்த இடத்தில் 450 ரூபாய் வட்டியோடு வேலை முடியும். ஆயினும் இந்த யோசனையை இரண்டு நிபந்தனைகளோடுதான் சொல்வேன். நகை பெரும்பாலும் மனைவியுடையதாக இருக்கும். அவர் மனமார ஒப்புக்கொள்ளாமல் அதில் கை வைக்கக் கூடாது. காலியான கார்டில் மறுபடி செலவு செய்யப்போவதில்லை என்ற உறுதியும் வேண்டும். இல்லையென்றால் ஒரு கடன் இரண்டாகிவிடும்.

அடுத்தது ஒத்திகை. குழந்தை பிறந்த பிறகு சில மாதங்களோ ஓர் ஆண்டோ ஒரே சம்பளத்தில் வாழ நேரலாம் என்பதால், அந்த வாழ்க்கையை இப்போதே வாழ்ந்து பார்ப்பதைவிடச் சிறந்த பட்ஜெட் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் தம்பதியின் கணக்கில் வாடகை 9,000, மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் எல்லாம் சேர்த்து 10,000, மின்சாரமும் தொலைபேசியும் 2,000, பெட்ரோல் 3,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 3,000, தனிநபர் கடன் தவணை 5,200, மருந்து முதலிய சில்லறைச் செலவுகள் 2,000 என்று 34,200 ரூபாய் ஆகிறது. கணவரின் 36,000 ரூபாய்க்குள் இது அடங்குகிறது; ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். முதல் மாதம் பற்றாக்குறை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. நாங்கள் எழுதாமல் விட்ட திருமண மொய்யும் வண்டி சர்வீஸும்தான் காரணம். அவற்றையும் சேர்த்து எழுதிய பிறகே கணக்கு நேரானது. மூன்று மாதம் இப்படிச் சமாளித்துவிட்டால், குழந்தை வந்த பிறகு எங்கே இடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மனைவியின் 19,000 ரூபாய் முழுவதும் கடனுக்குப் போகும். நகையைத் தொடாமலே கட்டினாலும் நான்காவது மாதத்தில் கார்டுக் கடன் தீர்ந்து, அந்த மாதம் ஏறக்குறைய 10,000 ரூபாய் மிஞ்சும். அடுத்து எதை அடைப்பது என்ற இடத்தில்தான் வழக்கமான அறிவுரையிலிருந்து நான் விலகுகிறேன். வட்டி அதிகமானதை முதலில் அடை என்பது பொது விதி. அதன்படி 15 சதவீதத் தனிநபர் கடனுக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும். குழந்தையை எதிர்பார்க்கும் வீட்டிலோ நகைக்கடனை முதலில் அடைப்பதே நல்லது. தனிநபர் கடனுக்கு முன்கூட்டிக் கட்டிய பணம் வங்கிக்குப் போனது போனதுதான். அவசரம் என்றால் புதுக் கடனுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மீட்டு வந்த நகையையோ, எதிர்பாராமல் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால், மறுநாள் காலையில் வங்கிக்குக் கொண்டுபோய்க் குறைந்த வட்டியில் பணமாக்கிவிடலாம். நகையை மீட்பது கடனை அடைப்பதோடு அவசர நிதியைச் சேர்ப்பதும் ஆகிறது. அந்தப் பாதுகாப்புக்காகச் சில மாதங்கள் சற்றுக் கூடுதல் வட்டி கொடுப்பதை நான் நஷ்டமாகக் கருதவில்லை. கார்டு தீர்ந்த பின் ஏழு மாதத்துக்குள் இந்த 1,20,000 ரூபாயும் அதன் வட்டியும் முடிந்துவிடும்.

இடையில் கருவுற்றது உறுதியானால், அந்த மாதத்தோடு கூடுதல் கட்டணங்களை நிறுத்திவிடுங்கள். தவணைகளைத் தவறாமல் கட்டுங்கள். நகைக்கடனின் கெடு தேதி பிரசவத்தையொட்டி வருகிறதா என்று பார்த்து, வந்தால் முன்பே வட்டியைக் கட்டிப் புதுப்பிப்பது பற்றி வங்கியில் பேசிவிடுங்கள். மற்றபடி மனைவியின் சம்பளம் முழுவதும் ரொக்கமாகச் சேரட்டும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அல்லது பிரசவத் தேதிக்கு முன்பே முதிரும் வங்கி ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போதும். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டு முடிந்த பிறகே முன்கூட்டி முடிக்க முடியும் என்பதால் இதற்கு உதவாது. பதிவு செய்யாத சீட்டில் இந்தப் பணத்தைப் போடவே வேண்டாம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது பிரசவம் எங்கே என்பதைப் பொறுத்தது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையானாலும் கட்டணம் இல்லை. மூன்று மாத வீட்டுச் செலவைச் சேர்த்தால் போதும். தனியார் மருத்துவமனை என்றால் சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியாக எழுத்தில் விலை கேட்டு, சிசேரியன் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்கப் பலருக்கு மனம் வராது. அந்தக் கேள்வியை ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் பேறுகாலச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கருவுற்ற பின் எடுத்தால் அந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது. அலுவலகக் குழுக் காப்பீட்டில் உச்சவரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பொருந்துமா என்பதை மனிதவளப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மனைவியின் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வருகிறார். முந்தைய இரண்டு ஆறு மாதப் பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்புக் கட்டப்பட்டிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவில் பேறுகால உதவி கிடைக்கும். நிறுவனம் உண்மையிலேயே கட்டிவருகிறதா என்பதை இப்போதே சரிபார்க்க வேண்டும். பனியன் நகரத்தில் பெயர் பதிவாகாமலே வேலை செய்யும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த 26 வாரமும் வருமானமற்ற காலம் என்பதால், ஒத்திகையும் ரொக்கச் சேமிப்பும் அவர்களுக்கு இரட்டிப்பாகத் தேவை. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவு செய்து, பிக்மி எண் என்னும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக 18,000 ரூபாய் உதவி உண்டு. இவையெல்லாம் சம்பளத்தைப்போல் தேதி தவறாமல் வரும் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். வரும்போது சேமிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சடங்குச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வளைகாப்பைக் கோயில் மண்டபத்திலோ வீட்டிலோ ஐந்து வகைச் சாதத்தோடு நிறைவாக நடத்தலாம். முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்ற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பெண்ணின் அப்பா அதற்காக வட்டிக்கு வாங்கினால், நம் தாளில் இல்லாத கடன் அவர் தாளில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மருமகனே முன்வந்து மாமனாரிடம், ‘மாமா, ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டின் பாரம் பாதி குறையும். குழந்தை பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது செலவைப் பொறுத்தவரை நல்ல விதி. முதல் சில வாரங்களுக்குத் துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியும் பாட்டியின் புடவைத் தூளியும் போதும். உறவில் யாராவது சட்டைகளைக் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். அட்டவணைத் தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

தாயும் குழந்தையும் நலமாக வீடு திரும்பி, மருத்துவமனைக் கணக்கு முடிந்து, 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்து, குழந்தையின் பெயரைக் காப்பீட்டிலும் சேர்த்த பிறகு சேமிப்பை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதச் செலவுக்கு மேல் இருப்பதில் மீதி நகையை மீட்கலாம். அதற்கும் மேல் இருந்தால் தனிநபர் கடனுக்குக் கட்டலாம். கட்டுவதற்கு முன், முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்து, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.