ரயில் நிலைய வண்டி ஸ்டாண்டில் கூடுதல் காசு கேட்டால் என்ன செய்வது?

காரைக்குடி சந்திப்பில் விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறவர்களும், திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களும் இந்தப் பக்கம் நிறைய. திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது ‘ரெண்டு நாள் கணக்குண்ணே’ என்பார்கள், இல்லையென்றால் ‘ஃபைன்’ என்பார்கள். அலுப்பில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறோம். ஓரணாவுக்கும் பேரேடு எழுதிய ஊரில் இப்படி ரசீதே இல்லாமல் காசு கொடுப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்தான்.

முதலில், கேட்பது யார் என்று பாருங்கள். ஸ்டாண்டை ரயில்வேயிடம் ஏலத்தில் எடுத்து நடத்துவது ஒப்பந்ததாரர்; அவர் ஆள் கேட்பது கட்டணம் மட்டுமே. நிலைய வளாகத்தில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, ரயில்வே ஊழியரோ காவலரோ சொல்லியும் கேட்கவில்லை என்றால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 159-ஆவது பிரிவு பாயும், 500 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்பது அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்டனையை டோக்கன் கிழிக்கிற ஆள் கொடுக்க முடியாது. வெளியே சாலையில் போக்குவரத்துப் போலீஸ் மின்னணு முறையில் போடும் அபராதச் சீட்டான இ-சலான் இன்னொரு கதை. அதற்கு அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்திலேயே குறை சொல்ல இடம் உண்டு.

அடுத்தது வண்டியை விடும்போதே செய்யவேண்டியது, உண்மையில் பாதி வேலை இங்கேதான். கட்டணப் பலகையை நேரம், ஊர்ப்பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். பலகையே இல்லையா, அதையும் எடுங்கள், வெறும் சுவரும் ஆதாரம்தான். டோக்கனில் உள்ளே வந்த நேரமும் வண்டி எண்ணும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் போட்டுக் கொடுத்தால் சண்டைக்கு அங்கேயே விதை போட்டாயிற்று. டோக்கன் தொலைந்தால் எவ்வளவு, ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசா என்பதும் பலகையில் இருக்கிறதா பாருங்கள்.

எடுக்கும்போது கணக்குப் போடுங்கள். காலை 5 மணிக்கு விட்டு மறுநாள் அதிகாலை 1 மணிக்கு எடுத்தால் 20 மணி நேரம். பலகையில் ‘24 மணி நேரம்’ என்று இருந்தால் ஒரே கட்டணம். தேதி மாறியதால் இரண்டு நாள் ஆகிவிடாது. ஆனால் ‘இரவு 12 மணி வரை’ என்று பலகையே சொன்னால் கேட்கிற ஆள் பக்கம்தான் நியாயம், விட்டுவிடுங்கள்.

கூடுதலாகத்தான் கேட்கிறார் என்றால் கத்தவேண்டாம். ‘ரசீது குடுங்கண்ணே, கட்டிடுறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், பல நேரம் தொகை அங்கேயே இறங்கிவிடும். இறங்கவில்லையா, யுபிஐ-யில் கட்டுங்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது போனிலேயே நிற்கும். அங்கே நிற்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு இருக்கிற பையன், அவரிடம் மல்லுக்கட்டி ஒன்றும் ஆகாது.

அப்புறம் புகார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் புகார்ப் புத்தகம் கேட்டு எழுதலாம், ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம், ரயில்வேயின் புகார்ச் செயலியான ‘ரயில் மதத்’தில் (Rail Madad) நிலையம் தொடர்பான புகார் என்று தேர்ந்தெடுத்துப் படங்களோடு போடலாம். எனக்குக் கடைசி வழிதான் பிடிக்கும், புகார் எண் கையில் கிடைத்துவிடும். கோபத்தையெல்லாம் வெட்டிவிட்டு இப்படி எழுதினால் போதும்:

‘இந்தத் தேதி, இத்தனை மணிக்கு வண்டியை நிறுத்தி, இத்தனை மணிக்கு எடுத்தேன். பலகைப்படி கட்டணம் இவ்வளவு, வாங்கியது இவ்வளவு. டோக்கன், பலகைப் படம், பணம் கட்டிய விவரம் இணைத்துள்ளேன். கூடுதல் தொகையைத் திருப்பித் தரவும், சரியான பலகை வைக்கவும் வேண்டுகிறேன்.’

பதில் மழுப்பலாக வந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரைக்குடி, தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வருகிறது. அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதி, அந்த ஸ்டாண்டுக்கு ஒப்புக்கொண்ட கட்டண விவரத்தையும் ஒப்பந்த நிபந்தனைகளின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தத் தாள் வந்துவிட்டால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை.

அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மாவட்ட ஆணையம், ஏனென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட்டால் சரி. ஒரு தடவை போன இருபது ரூபாய்க்கு நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன். மாத பாஸ் எடுத்து வருஷம் முழுக்க ஏமாந்தவர் தாராளமாகப் போகலாம்.