மிச்சமான பெயிண்ட்டில் மாடிப்படிச் சுவர்

பெயிண்ட் வேலை முடிந்ததும் பரண்மேல் ஏற்றிய டப்பாக்களைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. மாடிப்படிச் சுவர் அழுக்கேறிக் கிடந்தது. சரி, அதற்கே ஆகட்டும் என்று இறக்கினேன்.

முதலில் எமல்ஷனையும் எனாமலையும் பிரித்தேன். ஒன்று தண்ணீரில் கலப்பது, மற்றது டர்பன்டைனில், இரண்டும் சேராது. திறந்ததும் அழுகல் நாற்றம் அடித்த எமல்ஷனை ஒதுக்கிவிட்டேன். உள்ளே பாக்டீரியா வளர்ந்துவிட்டால் சுவரில் அடித்தாலும் வாடை அடிக்கும்.

நல்ல டப்பாக்களில் மேலே ஏடு படிந்திருந்தது. அதைக் கலக்கிவிடக் கூடாது. கத்தியால் ஓரத்தைக் கீறினால் முழுசாக, ரப்பர் போலத் தூக்க வரும். அப்புறம் அடிவரை குச்சியால் கிளறி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். கட்டியெல்லாம் துணியில் நின்றுவிட்டது. வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள் எமல்ஷன்களை ஒரே பக்கெட்டில் கலந்ததில் அருமையான சந்தன நிறம்! முழுச் சுவருக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். மறுபடி அதே நிறம் வராது. ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்த நிறமும் வேறு என்பதால், அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் கை வைத்தேன்.

பழைய எனாமலில் மட்டும் கவனம் வேண்டும். பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கியதைத் தொட்டில், விளையாட்டுச் சாமான் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

மீந்த சந்தன நிறத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடினேன். உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஏடு அவ்வளவாகப் படியாது.