மூன்று மணிக் காபியையும் குடித்துவிட்டு எழுதுங்கள்: மதுரைக் காபிக் கடைகளை மதிப்பிடும் முறை

விடிகாலை 5.30 மணிக்கு மதுரையில் பெரும்பாலான கடைகளில் காபி நன்றாகத்தான் இருக்கும். கறந்த பால் அப்போதுதான் வந்திருக்கும், டிகாக்‌ஷன் இப்போதுதான் இறங்கியிருக்கும், மாஸ்டரின் கையும் ஓய்ந்திருக்காது. கடையின் குணம் தெரிவது மதியம் 3 மணிக்கு. காலைப் பால் சட்டியின் அடியில் கிடக்கும், மாலைப் பால் வந்திருக்காது, ஃபில்டரில், அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிய இரண்டாம் டிகாக்‌ஷன் சொட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக் காபியைக் குடிக்காமல் ஒரு கடையைப் பற்றி எழுதினால் பாதிக் கடையைப் பற்றித்தான் எழுதியதாகும். ஆகவே ஒரு கடைக்குக் குறைந்தது மூன்று முறை போக வேண்டும்: விடிகாலை ஒன்று, மதியம் 3 மணிவாக்கில் ஒன்று, இரவு 8 மணிக்கு மேல் ஒன்று. மூன்றும் வெவ்வேறு நாளாக இருந்தால் நல்லது.

முதலில் வீட்டில்

கடைக்குப் போகுமுன் நாக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கண்முன்னே அரைத்துத் தரும் காபித்தூள் கடையில் ஒரே கொட்டையில் மூன்று விதமாகத் தலா 100 கிராம் வாங்குங்கள்: சிக்கரி இல்லாதது, காபி 80-க்குச் சிக்கரி 20 கலந்தது, 60-க்கு 40 கலந்தது. பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) என்றால் மூன்றும் பீபெரியாக இருக்க வேண்டும். கொட்டை மாறினால் ஒப்பிட முடியாது.

ஃபில்டரில் 30 கிராம் தூள். தட்டைப் போட்டு லேசாக அமர்த்துங்கள், அழுத்தக் கூடாது. தண்ணீர் 150 மில்லி. கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, 30 விநாடி கழித்து மீதியை ஊற்றுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் கீழே கிடைப்பது சுமார் 90 மில்லி. 30 மில்லி டிகாக்‌ஷனுக்கு 90 மில்லி பால், சீனி கிடையாது. மூன்று தூளுக்கும் மூன்று டம்ளரை வரிசையாக வைத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள்.

சிக்கரி கூடக் கூட நிறம் ஏறும், கனம் ஏறும், மணம் இறங்கும். காரணம் எளிது. சிக்கரி என்பது வறுத்த வேர். காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், காஃபின் அதில் இல்லை. தொண்டையில் கருகிய வெல்லம் மாதிரி ஓர் இனிப்புக் கசப்பை விட்டுப்போகும். பார்வைக்குக் கெட்டியாக இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் வாசனையே இல்லாத காபியில் சிக்கரி தூக்கல் என்று எழுதலாம். சிக்கரி இருப்பது குற்றமில்லை. இந்திய உணவுத் தர விதிப்படி கலவையில் 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும், பாக்கெட்டில் விகிதம் அச்சாகியிருக்க வேண்டும். மதுரையில் பலருக்கு அந்தக் கனம் இல்லாமல் காபி குடித்த மாதிரியே இருக்காது. எழுதுபவர் தன் விருப்பத்தைச் சொல்லலாம், அதையே தரமாக்கக் கூடாது.

வீட்டில் தவறு செய்து பார்ப்பதும் பயிற்சிதான். தட்டைப் போடாமல் ஊற்றினால் தண்ணீர் தூளில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு ஓடிவிடும், டிகாக்‌ஷன் வெளுக்கும். மாவு போல அரைத்த தூள் ஓட்டையை அடைக்கும். இறங்கவில்லையே என்று ஃபில்டரைத் தட்டினால் மண்டி இறங்கி, கடைசி மடக்கில் நாக்கில் நறநறக்கும். இதே தவறுகள் கடையிலும் நடக்கும். அங்கே காரணத்தை நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கடை தேடுவது

கோரிப்பாளையம் விசாலம் காபி போன்ற பெயரெடுத்த இடங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பெயர் தெரியாத நல்ல கடையைப் பிடிக்க ஒரு வழி, தூள் கடைக்காரரிடம் கேட்பது. எந்தக் கடை வாரம் எத்தனை கிலோ வாங்குகிறது, எது சிக்கரியைக் குறைக்கச் சொல்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு தரம் தூள் வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். முதல் நாளே கேட்டால் சொல்ல மாட்டார்.

நடப்பதற்கு மதுரையின் தெரு அமைப்பே வசதி. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வளையம் வளையமாக விரியும். மாசி வீதியிலோ வெளி வீதியிலோ ஒரு பக்கத்தை மட்டும் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்ஹால் ரோடு, பெரியார் பேருந்து நிலையப் பகுதிக் கடைகளுக்குப் பயணிகள் கூட்டம் அதிகம்; திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பி ஓடும் கடையும் அங்கே உண்டு, முப்பது வருட வாடிக்கையை நம்பும் கடையும் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேட்காமலேயே சீனி அளவு பார்த்துக் காபி தருகிறார்களா என்று கவனித்தால் இரண்டாவது ரகம் எது என்று தெரிந்துவிடும். தூங்கா நகரம் என்ற பேச்சைச் சோதிக்க விரும்புகிறவர்கள் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையப் பக்கம் இரவு 2 மணிக்கு மேல் போகலாம். மேற்கத்திய முறைக் கஃபேக்களுக்கு அண்ணா நகர், கே.கே. நகர், பைபாஸ் ரோடு. சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் கோயிலைச் சுற்றி மதிப்பீடு வேண்டாம். அந்தக் கூட்டத்தில் எந்த மாஸ்டரும் நிதானமாக ஆற்றித் தர முடியாது.

ஒரு நடையில் மூன்று கடைக்கு மேல் போகாதீர்கள். நான்காவதில் நாக்கு மரத்துவிடும், எல்லாமே கசப்பாகத் தெரியும். கறி தோசையோ ஜிகர்தண்டாவோ சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரமாவது போகட்டும். கடைக்குக் கடை நடுவே வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும்.

கல்லாவில் நிற்கும் இரண்டு நிமிடம்

டோக்கன் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, ஒரு காபி, சீனி தனியா.” பல கடைகளில் டம்ளரில் சீனியைப் போட்டுத்தான் டிகாக்‌ஷனை ஊற்றுவார்கள், பிறகு சொல்லிப் பயனில்லை. ஸ்ட்ராங், லைட் எதுவும் சொல்ல வேண்டாம். கடை தன் வழக்கப்படி கொடுப்பதைத்தான் மதிப்பிட வேண்டும். டபரா செட்டில் கேளுங்கள். காகிதக் கப்பில் சூடு பட்டதும் ஒரு வாடை கிளம்பும், அதைக் காபியின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

காத்திருக்கும்போது பார்க்க வேண்டியவை டிகாக்‌ஷன், பால், தண்ணீர், டம்ளர். டிகாக்‌ஷனை அடுப்பின்மேல் சூட்டிலேயே வைத்திருக்கிறார்களா, ஒதுக்கி மூடி வைத்திருக்கிறார்களா? சூட்டில் கிடக்கும் டிகாக்‌ஷனில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் மெல்ல உடைந்து குயினிக் அமிலமாகும். அதனால்தான் மதியக் காபியில் நாக்கு இழுக்கும் ஒரு புளிப்பும் துவர்ப்பும் ஏறுகிறது. டிகாக்‌ஷனை ஒதுக்கி மூடி வைத்து, கொதிக்கும் பாலின் சூட்டிலேயே காபியைச் சூடாக்கும் கடையில் இது குறைவு.

பால்தான் காபியில் முக்கால்வாசி. கள்ளிச்சொட்டுப் பால், அதாவது கலப்பில்லாத கெட்டிப் பால், என்று பெருமை பேசாத கடை இல்லை, அதனால் சட்டியைப் பாருங்கள். ஓயாமல் கொதிக்கும் பால் வற்றி, லேசாகப் பழுப்பேறி, பால்கோவா வாடை அடிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் காபியின் மணத்தை அது அமுக்கிவிடும். பாலைக் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும், அந்த வாடை எத்தனை ஆற்றினாலும் போகாது. ஆவின் பாக்கெட் பால் ஊற்றும் கடையில் நிறத்தைக் கவனியுங்கள்: நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. ஒரே டிகாக்‌ஷன் இரண்டிலும் இரண்டு காபியாக இருக்கும்.

‘டிகிரி காபி’ என்ற பலகைக்கும் பித்தளை டபராவுக்கும் தனி மதிப்பெண் தர வேண்டாம். பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்த ‘டிகிரி’யிலிருந்து பெயர் வந்தது என்பார்கள், சிக்கரி மருவி டிகிரி ஆனது என்பாரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், அந்தக் கருவி அடர்த்தியை மட்டுமே காட்டும். ஆடையை எடுத்தால் அளவு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும்; இரண்டையும் சேர்த்துச் செய்த பால் சுத்தப் பாலாகத் தேறிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். உப்புத் தண்ணீரில் இறக்கிய டிகாக்‌ஷன் மந்தமாக இருக்கும், மணம் எழும்பாது. கடை ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்துகிறதா, கேன் தண்ணீரா என்று கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். டம்ளரை ஓடும் தண்ணீரில் கழுவுகிறார்களா, ஒரே வாளியில் முக்கி எடுக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை.

குடிப்பது

கைக்கு வந்ததும் குடிக்காதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், நுரை அமரட்டும். ஆற்றுவதில் எழும் நுரை அழகுதான், ஆனால் டம்ளரில் கால்வாசி அதுவாகவே இருப்பதும் உண்டு. நுரை அடங்கிய பின் நிற்கும் மட்டம்தான் அளவு, விரற்கடையால் குறித்துக்கொள்ளலாம்.

முதல் மடக்கு சீனி இல்லாமல். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்குக்குச் சுவை பிடிபடாது, ஆகவே மூன்று மடக்கை மூன்று சூட்டில் குடியுங்கள்: வந்த ஒரு நிமிடத்தில், மூன்றாம் நிமிடத்தில், ஆறாம் நிமிடத்தில். நல்ல காபி ஆறும்போது மணம் குறையும், ஆனால் முகம் சுளிக்க வைக்காது. மட்டமான காபியின் குறைகளைச் சூடு மறைத்திருக்கும். ஆறியதும் எல்லாம் வெளியே வரும். சாம்பல் மாதிரி கருகல் என்றால் வறுவல் மிஞ்சியிருக்கிறது. பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை என்றால் தூள் பழசு, அல்லது ஃபில்டரைச் சரியாகக் கழுவவில்லை. ரப்பர், மண் சாயல் ரோபஸ்டா என்ற காபிக்கொட்டை வகையிலிருந்து வரும். கழனித்தண்ணி மாதிரி இருந்தால் இரண்டாம் டிகாக்‌ஷன், அதைச் சரிக்கட்டத்தான் சீனியைத் தூக்கலாகப் போடுகிறார்கள். துணுக்குத் துணுக்காகத் திரிந்திருந்தால் பால் புளிக்கத் தொடங்கியிருக்கிறது. சொன்னால் மாற்றித் தருவார்கள், மாற்றித் தந்தார்களா என்பதையும் எழுதுங்கள்.

பாதிக்குப் பிறகு ஒரு ஸ்பூன் சீனி சேர்த்துக் குடித்துப் பாருங்கள். அந்தக் கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் குடிப்பது அதைத்தான்.

எஸ்பிரஸோ போடும் கஃபே

இங்கே அளவுகோல் வேறு. இரட்டை எஸ்பிரஸோவுக்குப் பொதுக் கணக்கு 18 கிராம் தூளுக்கு 36 கிராம் சாறு, 25 முதல் 30 விநாடி. கைபேசியில் நேரம் பாருங்கள். 15 விநாடியில் முடிந்துவிட்டால் புளிக்கும், 40-ஐத் தாண்டினால் கசக்கும். கப்புச்சினோவின் பாலை 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்துவார்கள், அதனால் “சூடே இல்லை” என்று ஃபில்டர் காபிக் கணக்கில் குறை சொல்லக் கூடாது. நீராவிக் குழாயைப் பால் சூடாக்கியதும் துடைக்கிறார்களா என்று பாருங்கள். காய்ந்த பால் ஒட்டிய குழாய் ஒன்றே அந்தக் கடையின் துப்புரவைச் சொல்லிவிடும்.

கொட்டை தாண்டிக்குடியிலிருந்து வருகிறது, சிறுமலையிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சிதான். மதுரைக்குப் பக்கத்து மலைகளில் விளைவதே நம் கோப்பைக்கு வருவது நல்லது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் எந்தத் தோட்டம், கழுவிக் காய வைத்ததா, பழத்தோடு காய வைத்ததா, எந்தத் தேதியில் வறுத்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். வறுத்த தேதி தெரியாத கடையில் தோட்டத்தின் பெயர் வெறும் அலங்காரம்.

எழுதுவது

காசு கொடுத்துக் குடியுங்கள், விமர்சனம் எழுதப்போவதாகச் சொல்லாதீர்கள். சொன்னால் புது டிகாக்‌ஷன் இறங்கும். கடைக்குள் படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றவர் முகம் விழ வேண்டாம். விலையைத் தேதியோடு போடுங்கள்.

“சூப்பர் காபி, மிஸ் பண்ணாதீங்க” என்பதில் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதலாம்: “காலை 6 மணிக்கு மணமும் கனமும் சரி, சிக்கரி மிதம். மதியம் 3.10-க்கு அதே கடையில் துவர்ப்பு, பாலில் கோவா வாடை. இரவு 8.30-க்குப் புது டிகாக்‌ஷன், காலைக்குச் சமம். கேட்காவிட்டால் சீனி தூக்கல். உட்கார இடமில்லை.” ஐந்து வரியில் எப்போது போவது, என்ன சொல்லி வாங்குவது என்று தெரிந்துவிடுகிறது.

கண்ணால் கண்டதையும் ஊகத்தையும் கலக்காதீர்கள். “பாலில் தண்ணீர் கலக்கிறார்கள்” என்பது குற்றச்சாட்டு. “பால் நீர்த்திருந்தது” என்பது நீங்கள் குடித்தது. தெருவோரக் கடைக்கு ஒரு தவறான வரி ஒரு மாத வியாபாரத்தைக் கெடுக்கும். ஒரே ஒரு முறை மோசமாக இருந்தால் அதை எழுதாமல் இன்னொரு நாள் போங்கள். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய், பழைய குறிப்பின் கீழேயே புதுத் தேதி போட்டு எழுதுங்கள்.